ஜன்னல் கண்ணாடியில் மியூவான் பிடித்த கதை

காலை பத்து மணி, நான்கு கண்ணாடித் தகடு, பெங்களூரு விவேக் நகர் கண்ணாடிக் கடைக்காரர் அந்தோணி: என் துகள் இயற்பியல் ஆராய்ச்சி இப்படித்தான் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிப்பது எங்கள் தொழில். அது பிடிபடாத நாட்களில் ஊரின் கேலிக்கு நாங்கள்தான் பிடிபடுவோம். செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் விழிப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

கடையில்

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வாயு நிரப்பி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், வானிலிருந்து வரும் மியூவான் துகள் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு கிடைக்கும். அதுதான் எங்கள் டிடெக்டர். ஜன்னல் கண்ணாடியே போதும், கீறல் கூடாது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் பாதியைத் தள்ளினேன். அந்தோணி சொன்னார்: "ஏம்மா, ஜன்னலுக்குத்தானே? மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க."

ஆட்டோவில்

மடியில் கண்ணாடியோடு ஏறினேன். என்ன சாமான் என்று டிரைவர் கேட்டார். துகளைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு என்றேன். "துகளா மேடம்? சில்க் போர்டு சிக்னலுக்கு வாங்க, அங்கே பறக்கிற தூசிக்குக் கருவியே வேணாம்."

கூட்டத்தில்

ஆய்வுக் குழுவின் தலைவருக்கு இறக்குமதி டிடெக்டர்தான் வேண்டும். "ரிப்பேர் ஆனால் அதைக் கப்பலில் அனுப்ப வேண்டும், என்னுடையதை நானே பிரிப்பேன்" என்றேன். மழைக்காலம் முழுக்க ஓடினால் என் டிடெக்டரையும் சோதனையில் சேர்ப்பது, இல்லையேல் என் திட்டத்தையே மூடுவது என்று முடிவானது. வெளியே வந்ததும் என் சகா நாகராஜ் தன் கன்னடத் தமிழில் சொன்னார்: "பெங்களூரு மழையை வெச்சு பந்தயமா? கொஞ்சம் யோச்னே பண்ணியிருக்கலாம் மேடம்."

மழையில்

முதல் மழையன்று துடிப்புகள் இரட்டிப்பாகின. வானமே வாழ்த்துகிறது என்று மைசூர் பாக்கு வாங்கி ஆய்வகம் முழுக்கக் கொடுத்தேன். மாலையில்தான் தெரிந்தது: ஈரத்தில் மின்சாரம் கசிந்திருக்கிறது, அத்தனையும் போலித் துடிப்பு. "ஊருக்கே ஸ்வீட் கொடுத்தாச்சு, இனி வேற வழியில்லே. ஓட வெச்சே ஆகணும்" என்றார் நாகராஜ்.

டிடெக்டரைப் பெட்டிக்குள் அடைத்து, உலர்ந்த காற்றை ஓடவிட்டோம். அதன் பிறகு பெய்த எந்த மழைக்கும் கசிவு ஏறவில்லை. மழைக்காலம் முடிந்ததும் கசிவின் வரைபடத்தை நெடுநேரம் பார்த்த தலைவர், "சரி, ஒண்ணே ஒண்ணு வைங்க. மக்கர் பண்ணினா உடனே எடுத்துடணும்" என்றார். பக்கத்தில் இருக்கும் இறக்குமதிக்கும் அதே விதிதானா என்று கேட்டேன். "உங்ககூட பேச முடியாதும்மா."

சென்ற பிப்ரவரியில் மக்கர் செய்ததென்று ஒரு டிடெக்டரை எடுத்தார்கள். அது கப்பலில் போயிருக்கிறது, என்னுடையது ஓடிக்கொண்டிருக்கிறது.