சாம்பல் நிறத்தில் எங்கள் தெரு

என் மகளுக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருந்தது. இரண்டும் பொது சுகாதாரத்தில் இளநிலைப் படிப்பு. ஒன்று, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று தெற்கே, இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கும் தூரத்தில். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும்.

பக்கத்தில் இருப்பதே போதும் என்றார் என் கணவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் அவருக்கு ஒப்பந்த வேலை. பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். நான் காலை ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்துகிறேன். நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றேன்.

இது என்ன படிப்பு என்பதில் தெருவில் எல்லோருக்கும் சந்தேகம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா மகளிடம் கேட்டேவிட்டார்.

"நர்ஸு வேலையாடி?"

"இல்லக்கா. நாங்க ஊசி போட மாட்டோம்."

"அப்போ டாக்டரா?"

"அதுவும் இல்ல. எந்த ஏரியால யாருக்கு இன்னா நோவு வருது, ஏன் வருதுன்னு ஊடு ஊடா போய் கேட்டு எழுதுறது."

"அத்த நான் இங்கியே குந்திக்கினு சொல்லுவனே. இதுக்கு எதுக்குடி மூணு வருசம்?"

சனிக்கிழமை காலை பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். இறுதியாண்டு மாணவி ஒருத்தியை எங்களோடு அனுப்பினார்கள். ஆய்வகம், நூலகம், பெண்கள் விடுதி எல்லாம் காட்டிவிட்டு இரண்டாவது மாடியில் ஒரு நீண்ட அறைக்கு அழைத்துப் போனாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க ஒரே வரைபடம், தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் அதில்.

வீட்டுக்கு ஒரு கட்டம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அந்த வீடுகளுக்குப் போய், ஒரே கேள்விகளைக் கேட்டு, கட்டங்களுக்கு நிறம் கொடுக்கிறார்கள். நோயில்லாத வீடு பச்சை. நாள்பட்ட நோயாளி ஒருவர் இருந்தால் மஞ்சள். மூச்சுத் தொல்லை ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இருந்தால் சிவப்பு. பூட்டிய வீடு சாம்பல்.

தண்ணீர்த் தொட்டியை முதலில் அடையாளம் கண்டேன். பிறகு மதில் வளையும் இடம், ஆலையின் பின்கேட். அங்கிருந்து எங்கள் தெரு தொடங்குகிறது. இரண்டு பக்கமும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, சாம்பல்.

அருகில் ஓர் அறிக்கை ஒட்டியிருந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்பது அதன் சாரம். முழுக்கப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. கணக்கெடுக்க எந்த மாணவர்கள் போனார்கள், எந்தெந்த நாள் போனார்கள், எல்லாம் இருந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் அப்படியே அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

மகள் ஒரு கட்டத்தின் மேல் விரல் வைத்தாள். இடது வரிசையில் ஐந்தாவது.

"இந்த வீட்ல யாரு இருந்தாங்கக்கா?"

"தெரியலம்மா. நானே ரெண்டு வருஷம் போயிருக்கேன், எப்பவும் பூட்டுதான். அந்தத் தெருவே ஒரு மாதிரி. சத்தமே இருக்காது. நாய் மட்டும் படுத்துக்கினு நம்மளையே பாக்கும். பசங்க அதுக்குப் பேய்த் தெருன்னு பேர் வெச்சிருக்காங்க. தனியா போவ மாட்டோம், ரெண்டு ரெண்டு பேரா தான் போவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். அது எங்கள் வீடு என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

பூட்டு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது நைட் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். பகலில் கதவைத் தட்டி எழுப்பிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் தூக்கம் போச்சு. தூக்கம் கெட்ட உடம்போடு உலை முன்னால் நிற்க முடியாது. அதனால் காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ கடைசியாகக் கிளம்புகிறவர் தெருக்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார். தூங்குகிறவர் எழுந்து வர வேண்டுமானால் பின்கதவு இருக்கிறது. பூட்டைப் பார்த்தால் தெரிந்தவர்கள் யாரும் தட்டமாட்டார்கள். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நாங்கள் குடிவந்தபோதே தெரு அப்படித்தான் இருந்தது.

திரும்பி வரும்போது மணி இரண்டு. தெருமுனையில் நின்றோம். வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கதவிலும் பூட்டு. கொடியில் துணி இல்லை. புகைத்தூள் படியும் என்று பின்பக்கம்தான் காயப்போடுவோம். எத்தனையோ வருடங்களாக நடக்கும் தெருவை வரைபடத்திலிருந்து வந்தவளாகப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதில் தவறே இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்து சாவியை எடுத்தேன். "இரும்மா," என்று மகள் என் கையைப் பிடித்தாள். பூட்டு தொங்கிக்கொண்டிருக்க, எங்கள் கதவை மூன்று முறை தட்டினாள். "சார், வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று அந்த மாணவியின் குரலில் கேட்டாள்.

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. சில நொடிகளில் எதிர்வீட்டு ஃபேனும் நின்றது. பிறகு அதற்கடுத்த வீட்டில். அவ்வளவு ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதே அவை ஒவ்வொன்றாக நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் கதவுக்குப் பின்னால் மட்டும், தலையணைக்குள் அமுக்கிய ஓர் இருமல்.

மகள் தட்டிய கையை இறக்கவில்லை. நான்தான் பூட்டைத் திறந்தேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் நனைந்திருந்தார்.

"நீங்கதானா? சர்வேக்காரங்கன்னு ஃபேனை நிறுத்திட்டு மூச்சு வுடாம படுத்துனு இருந்தேன்."

"வருவாங்கன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"வருசா வருசம் வராங்க. தட்டுவாங்க, பூடுவாங்க."

"அவங்க மேப்புல நம்ம ஊடு காலி ஊடு. யாருமே இல்லியாம்."

"நல்லதாப் போச்சு. அப்போ உங்கம்மா யாருக்கு சோறாக்குறா, பேய்க்கா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கும் இருமல். அது அடங்கிய பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இத்த எழுதிக்கினு போயி எங்க குடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? கம்பெனிக்குத் தெரிஞ்சா மறுநாள் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுடுவான். நான் காலி ஊடாவே இருந்துக்கிறேன்."

"நான் அங்க சேந்தா நானே வந்து தட்டுவேன்பா."

"நீ தட்டுனாலும் தொறக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திங்கள் எனக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு, தெற்கே இருக்கும் பல்கலைக்கழகத்தை உறுதி செய்துவிட்டதாக மகள் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவ்ளோ தூரமா?" என்றார். ஏன் என்று நான் கேட்டேன்.

"அங்க பூட்டியிருந்தா எனக்கு அது பூட்டுன ஊடு, அவ்ளோதான். இங்க உள்ள யாரு படுத்துனு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினே சாம்பல் கலர் அடிக்க முடியாதும்மா. அடிக்காம வுடவும் முடியாது."

ஐந்து மணி தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது. பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து, அதே மாணவி. சேராதவர்களைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கும் வேலையை சீனியர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹாஸ்டல் பிடிக்கலையாம்மா, இல்ல தூரமா?"

"தூரம்க்கா."

"எந்த ஏரியா நீ?"

யோசிக்காமல் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"அங்க ஆளுங்க இருக்காங்களா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றொரு கையை இல்லை என்று மெதுவாக ஆட்டினார்.

"இல்லக்கா," என்றாள். "நாங்களும் காலி பண்ணிட்டோம்."

"அதான பாத்தேன்," என்றாள் அந்தப் பெண். நன்றி சொன்னாள். இணைப்பைத் துண்டிக்கும் முன் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.