தெங் என்பவருக்கு ஒரு சாட்சி

மிளகாய்க் கூடைகளை வண்டியிலிருந்து இறக்கியதும் நியா தெங் ஹெர் அண்ணாந்து பார்ப்பார். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரச் சந்தைக்கு மேலே போகும் விமானம் எந்த வகை என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பதினான்கு வயதில் லாவோஸ் மலைகளில் வானொலிப் பெட்டியைச் சுமந்து, அமெரிக்க விமானங்களுக்கு வழி சொன்னவர். இப்போது வயது எழுபதை நெருங்குகிறது.

சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது. வெள்ளரிக்காயைச் சுண்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடை இருக்காது. அன்று, தானே கடையில் வாங்கிய பச்சைச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போய்விடுவார்.

லாவோஸில் அமெரிக்காவுக்காகப் போரிட்ட, அவரைப் போன்ற ஹ்மோங் இன வீரர்களையும் படைவீரர்களாக ஏற்கும் சட்டம் வந்துவிட்டது. ஓட்டுநர் உரிமத்தில் 'படைவீரர்' என்ற அந்த ஒரு சொல் வந்தால் போதும் அவருக்கு. கூடப் போரிட்ட இருவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த பெயர் தெங் ஹெர். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு, ஹ்மோங் வழக்கப்படி மாமனார் பன்றி அறுத்து வைத்த பெரிய பெயர்தான் நியா தெங். அதற்கப்புறம் வெறும் தெங் என்று கூப்பிடுவது மரியாதை இல்லை. அலுவலகத்துக்கோ தெங் ஹெர் ஒரு ஆள், நியா தெங் ஹெர் வேறொரு ஆள். மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் ஒரு படிவம் கொடுத்துப் பழைய பெயருக்கே மாறிவிடலாம் என்றாள் மகள் காலியா.

"உங்க தாத்தா பன்னி அறுத்துக் குடுத்த பேரு. அதை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, மேல போய் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

பக்கத்துக் கடை சோங் யீ விடமாட்டார். "என்ன மாப்ள, சண்டைக்குப் போனது உன் தம்பியாமே? அவனுக்குத்தான் அட்டை வருமாம்."

"வரட்டும். அவனும் ரொம்ப நாளா காத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

போன செவ்வாய்க்கிழமை ஒரு புது அதிகாரி, பெயர் வைத்தபோது இருந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். மனைவி ப்லியா மட்டும்தான்; அன்று அவரும் மகளும் கூட வந்திருந்தார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று அவர் உறுதிமொழி சொன்னால் அன்றைக்கே விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார் அதிகாரி. காலியா மொழிபெயர்த்தாள்.

ப்லியா கணவரைக் கையால் காட்டினார். காட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். பெயர் வைத்த நாளிலிருந்து அந்த வெறும் பெயரை அவர் வாய் சொன்னதில்லை.

"சொல்லும்மா, காத்துக்கிட்டிருக்காங்க."

"நீ சும்மா இருடி. அவரைக் கேக்கணும்."

கேட்டார். நியா தெங் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு. எனக்கும் அலுத்துப்போச்சு."

ப்லியா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். "தெங்," என்றார், மெதுவாக.

நியா தெங் எழுந்தார். குதிகால்கள் சேர்ந்தன, கைகள் கால்சட்டையின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டன. அதிகாரி உட்காரச் சொன்னார். ப்லியா மிச்சப் பெயரையும் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.