சித்தியும் நானும் போட்ட மொட்டை

கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருந்த சித்தப்பா, சித்தியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ஒரு கூடை ரம்புத்தான் பழமும் கொண்டுவந்தார். எனக்கு ரம்புத்தான்தான் பெரிதாகத் தெரிந்தது. சித்திக்கு முகம் தெளிந்து முடியும் வளர்ந்த பிறகு வந்து அழைத்துப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிட்டார். மரியாதையான மனிதர். மனைவியை விட்டுப்போவதைக்கூட அவரால் வெறுங்கையோடு செய்ய முடியவில்லை.

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள். அவளுடைய நெற்றி மேல்நோக்கி ஏறிக்கொண்டே போயிருந்தது. முடி விட்டுப்போன இடம் வழவழவென்று மினுங்கியது. அதன் ஓரத்திலிருந்து கன்னம்வரை அடுப்புக்கரியைத் தடவிவிட்டதுபோலச் சாம்பல் கலந்த கறுப்பு. புருவமும் உதிர்ந்துவிட்டதால் மையால் வரைந்துகொள்வாள். நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே லயத்தின் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே குழாய். புருவம் உதிர்வது பெரிய வியாதியின் அடையாளம் என்று அங்கே பேச்சுக் கிளம்பியது. குஷ்டம் என்ற சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சித்தி குடம் வைத்த இடத்தை மட்டும் கழுவிவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தார்கள். பேச்சு அதிகாரிகள் காதுக்குப் போனால் அவளைக் கொண்டுபோய்த் தனியே வைத்துவிடுவார்களென்று அம்மா நடுங்கினாள்.

ஆனால் அம்மா மூளைக்காரி. தங்கைக்குப் பத்துமலை முருகன் கோயிலில் முடியிறக்கும் வேண்டுதல் இருப்பதாகக் குழாயடியில் அறிவித்தாள். முருகனுக்குக் கொடுத்த தலையை யார் கேள்வி கேட்பது? சித்திக்குத் துணையாக எனக்கும் மொட்டை. தைப்பூசத்தன்று இருவர் தலையிலும் சந்தனத்தை அப்பினாள். சித்திக்கு மட்டும் நெற்றி, கன்னம்வரை தாராளமாக வழியவிட்டாள். வழுக்கையும் தெரியவில்லை, கறுப்பும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது லயத்துப் பெண்கள் சித்திக்கு வழிவிட்டு நின்றார்கள்.

மொட்டையில் முடி முளைக்கும் என்பதை மட்டும் அம்மா யோசிக்கவில்லை. எனக்குத் தலை முழுக்கக் கருகருவென்று முளைத்தது. சித்திக்குப் பின்தலையில் மட்டும். நாங்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், குழாயடிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அம்மா இன்னொரு வேண்டுதலைக் கண்டுபிடித்தாள். சித்திக்கு மறுபடியும் மழித்துச் சந்தனம் பூசினார்கள். மூன்றாவது வேண்டுதலையும் சொன்னபோது, முருகனுக்கு இவ்வளவு முடி எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அதன்பிறகு வேறு வழியில்லாமல் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

வெள்ளைக்கார டாக்டர் சித்தியைக் கண்ணை மூடச் சொல்லி, முகத்தில் அங்கங்கே பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தொட்ட இடத்தையெல்லாம் சித்தி சரியாக விரல் வைத்துக் காட்டினாள். பிறகு அவர் சொன்னதைத் டாக்டருக்கு உதவியாக நின்ற தமிழ் டிரஸ்ஸர் எங்களுக்குச் சொன்னார்.

“பெரிய வியாதி இல்லம்மா, பயப்படாதீங்க. தோலுக்குள்ள தழும்பு விழுந்து முடி வேரு செத்துப்போச்சு. இனிமே அங்க முடி வராது. மொகத்துக் கறுப்பும் அதோட வந்ததுதான். போறது கஷ்டம்.”

முதல் வார்த்தையோடு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். டிரஸ்ஸரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், அழுதாள், என்னையும் கும்பிடச் சொன்னாள். சித்தி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும், “கிள்ளானுக்கு என்னக்கா சொல்றது?” என்றாள்.

“அந்த வியாதி இல்லன்னு சொல்லுவோம். வேற என்ன வேணும்?”

“வியாதின்னாக்கூடக் கொணமாகும்னு காத்திருக்கலாம்லக்கா.”

அம்மா வழியில் ஒரு கடையில் சர்க்கரை வாங்கினாள். மாலையில் குழாயடியில் எல்லோருக்கும் கைநிறையச் சர்க்கரை கொடுத்தாள். சித்தி தன் பங்கை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இத்தனை நல்ல செய்தி சொல்லியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளே, இவளுக்கு நன்றியே கிடையாது என்று நினைத்தபடி அந்தச் சர்க்கரையையும் நக்கித் தின்றேன்.