எழுபத்தொன்றாம் ஆண்டுக் கூரை

ஒக்பூன், பானை விற்ற ஹம் வீட்டின் மூன்றாவது பெண். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள், நாற்பது வயதில் கணவன் செத்துப்போனான். கொரியாவின் சியோல் நகரத்து ஓரம், குன்றடியில் கீரைப் பாத்தி போட்டே இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். இருவரும் பூசானில் ஒண்டிக்குடித்தனம். அவளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

நகரம் பரவாதிருக்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அரசாங்கம் குன்றைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டது. அன்று வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரை தெரிந்தால் வீடு நிற்கலாம், தெரியாவிட்டால் இடிப்புதான். ஒக்பூனும் கணவனும் கட்டியதோ எழுபத்துநாலில், சோளத்தட்டை மறைப்புக்குள், ஒளிந்து ஒளிந்து. மண்ணைத் தோண்டுமுன் நிலத்துச் சாமிக்கு அரிசிக் கள் ஊற்றி, மேளம் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். மேளச் சத்தம் காவல்காரன் காதில் விழுமே என்று சொல்லாமலே தோண்டினார்கள்.

இருபது வருஷம் கழித்து நில அளவுக்காரர்கள் வந்து சுவரில் சிவப்பு எண் எழுதிப் போனார்கள். ஒக்பூன், கையெழுத்துக்குப் பதில் வைக்கும் பெயர் முத்திரையை மடியில் முடிந்துகொண்டு அலுவலகம் போனாள். எழுத்தர் பியோன் பழைய படத்தை விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தான்.

"எதுக்கும்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? இந்தா இருக்கு உங்க வீடு. புகைகூடத் தெரியுது!"

"நல்லாப் பாரு தம்பி. வேற யார் வீடாவது இருக்கப்போகுது."

"ஊரே 'இருக்கு, இருக்கு'ன்னு சண்டைக்கு வருது. நீங்க ஒருத்தர்தான் இல்லேன்னு சண்டை போடுறீங்க!"

குனிந்து பார்த்தாள். அதே ஓடை வளைவு, அதே பாறை. நடுவில் ஒரு கூரை. எழுபத்துநாலில் அஸ்திவாரம் தோண்டியபோது கரி படிந்த தட்டைக் கற்கள் கிடைத்தன. தரைக்கடியில் அடுப்புச் சூட்டை ஓடவிடும் கற்கள். "வாயத் தொறக்காத" என்று சொல்லி, கணவன் அவற்றையே தங்கள் அறைக்குப் பரப்பினான். இருபது குளிர்காலம் அவற்றின் மேல்தான் படுத்திருந்தாள்.

பியோன் பதிவேட்டைப் புரட்டினான். "அந்த வீட்டுல நாலு பேர் பதிவாயிருக்கு. மறு வருஷ மழையில மலை சரிஞ்சப்புறம் ஆளைக் காணோம். நீங்க வாரிசுதானே? ஆமான்னா முத்திரை வையுங்க. இல்லேன்னா வீடு நிக்காது."

வாரிசென்றால் நாலு பேருக்கும் திதி அவள் தலையில். முத்திரையில் வாயால் ஊதினாள், அழுத்தி வைத்தாள்.

"பேரை மட்டும் படிச்சுச் சொல்லு தம்பி."

மறுநாள் உச்சிப்பொழுதில் நாலு கிண்ணம் சோற்றில் நாலு கரண்டியைச் செத்தவர் படையல் வழக்கப்படி செங்குத்தாகக் குத்தி வைத்து, வாசற்கதவை விரியத் திறந்தாள். பெரியம்மா மகன் தொக்மான் எட்டிப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, அண்ணனை விட்டுட்டு விருந்தா? யாரு வர்றா?"

"வீட்டுக்காரங்க."

அவன் சிரித்தான். அவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். "இன்தேக்." வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டு ஒதுங்கியது. "கியேசூன். மால்லி." அது இன்னும் சுவரோடு ஒட்டியது. தொக்மானின் சிரிப்பு நின்றது.

"சூதோல்." பதிவேட்டில் மூன்று வயது.

நாய் தலையைத் தாழ்த்தி, குழந்தைகளைக் கண்டால் ஆட்டுவதுபோல் வாலை ஆட்டியது.