பெயர்த்தாள்

எங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகளும் ஒரேயொரு பிரிண்டரும் இருந்தன. ஐந்தும் அந்த ஒன்றைப் பங்குபோட்டுக்கொள்ள, மூலையில் ஒரு சேர்வர். அதற்கு நான்தான் பொறுப்பு. ஆறு வாரப் படிப்பில் நான் கற்றுத் தேறிய வித்தை, எந்தக் கருவியையும் ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவது. பத்தில் எட்டுத் தடவை அது பலித்தது. மட்டக்களப்பு நகரில் வாவிக்கு முதுகைக் காட்டி நின்ற அந்தச் சிறிய நிவாரண அலுவலகத்தில் என்னை 'டொக்டர்' என்று கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அச்சடித்த தாள்கள் ஒன்றோடொன்று கலந்து தினமும் சண்டை. ஒருவரின் லீவுக் கடிதம் இன்னொருவரின் கூட்ட அறிக்கைக்குள் நுழைந்து கொழும்பு வரை போய்ச் சேர்ந்தது. அதனால் சேர்வரில் ஓர் ஏற்பாடு செய்தேன். யார் எதை அச்சடித்தாலும் முதலில் தனியாக ஒரு தாள் வரும். அதில் அவர் பெயர், திகதி, நேரம். மூன்றே வரி, மீதியெல்லாம் வெள்ளை. பெயர்த்தாள் என்றோம். சண்டை நின்றது.

மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிறு எங்களில் ஒருத்தியைக் கொண்டுபோயிற்று. கடிதங்கள் தட்டச்சுச் செய்தவள். கடற்கரையோரத்து வீடு. உடல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகம் சந்தையாயிற்று. கூடாரப் பட்டியல், பால்மாப் பட்டியல், வெளியூர்த் தொண்டர்கள். சேர்வரில் ஐந்து பேருக்குத்தான் இடம். வந்தவர்களையெல்லாம் அவளுடைய பெயரில் உள்ளே போகச் சொன்னேன். கடவுச்சொல்லை அவளே திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். அவள் பெயரை நீக்கிப் புதிதாக ஒன்று போட இரண்டு நிமிடம் போதும். சோம்பல் என்று எல்லாருக்கும் சொன்னேன். என் சோம்பலை அறிந்தவர்கள் நம்பினார்கள். உண்மையில், நீக்குகிற இடம் வரை போவேன், கை வராது.

ஆக, நாள் முழுவதும் அவள் பெயர் வந்து விழுந்தது. காலை எட்டரைக்கு அவள். பின்னேரம் பூட்டும்போதும் அவள். எல்லாரும் சோற்றுப் பார்சலோடு பின்கட்டுக்குப் போன பிறகு, எப்போதோ அனுப்பிய வேலை நினைவு வந்ததுபோல, வெறும் அறையில் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பெயரை வெளியே தள்ளும். ஒருநாள், புதிதாக வந்த தொண்டர் ஒருவர் கேட்டார்: "உங்கட ஒபிஸில இந்தப் புள்ளதான் கூட வேலை செய்யிறா போல. எது அவட மேசை?"

"நீங்க இருக்கிறதுதான்," என்றேன், பகிடியாக. அவர் எழும்பிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கழிவுத் தாள்கள் கிழமைக்கு ஒருமுறை பாலத்தடியில் வறுத்த கடலை விற்கும் கச்சான்காரருக்குப் போகும். சுருள் சுற்றப் பெயர்த்தாளைப் போல வெள்ளையான தாள் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கே போய் முடியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சித்திரைப் போயா என்ற பௌர்ணமி லீவு கழிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு காலையில் அவளுடைய தாய் வந்தார். பள்ளிக்கூட முகாமில் இருந்தவர். மடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். உப்பும் எண்ணெய்க் கறையுமாக, சுருக்கம் நீவி, திகதிப்படி அடுக்கிய பெயர்த்தாள்கள்.

"கச்சான் வாங்கக்குள்ள முதல் ஒண்டு கிடைச்சிது மனே. பிறகு ஒவ்வொரு நாளும் போய் வாங்கினன். எனக்குப் பல்லும் இல்ல. கச்சானெல்லாம் முகாம் புள்ளையளுக்குத்தான்."

மேலே இருந்த தாள்களைப் புரட்டினேன்.

"இவர், அவட அப்பா, மகளுக்கு அந்திரட்டிக் கிரியை செய்வம் எண்டு நிக்கிறார். நாள் கடந்து போச்செண்டு சனமும் கதைக்குது. நான் விடல்ல. வேலைக்கு வந்து போற புள்ளைக்கு எப்பிடிச் செய்யிற? நீங்க சொல்லுங்க. வாறாளா?"

"இல்லம்மா. அது நாங்க. அவட பேரில இருந்து நாங்கதான் அடிக்கிற. என்ட பிழை."

கணினிக்கு முன் இருத்திக் காட்டினேன். பெயரை அடித்தேன். திரை அவளைப் பெயர் சொல்லி வரவேற்றது. வெற்றுக் கடிதம் ஒன்றை அனுப்பினேன். பெயர்த்தாள் வந்தது. தாய் அதை எடுத்து, சூடு ஆறும்வரை இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார்.

"அப்ப எல்லாம் நீங்கதான்."

"ஓமம்மா."

கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவினார். "இதும்?"

சித்திரைப் போயா. காலை பத்து மணி ஏழு நிமிடம். அன்று அலுவலகம் பூட்டு. கதவுத் திறப்பு இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது கொழும்புக்குப் போயிருந்த மேலாளரிடம். சேர்வரின் கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். நிமிடம் பிசகவில்லை.

"அதுவும் நான்தான். லீவு நாளிலயும் வந்து வேலை செய்தனான்."

நான் லீவு நாளில் வேலை செய்தேன் என்றால் என்னைப் பெற்றவளே நம்பமாட்டாள். இந்தத் தாய் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்டைக்குப் பத்து மணிக்கு நீங்க பாலத்தடியில நிண்டீங்க மனே. கச்சான்காரரோட பெரிய பகிடி. நான் பக்கத்திலதான் நிண்டனான்."

பிரிண்டர் ஒருமுறை உள்ளுக்குள் சுற்றி ஓய்ந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம். தாள் வரவில்லை.

"சரி," என்றார் தாய். "நீங்க எண்டே இருக்கட்டும். இவரிட்டச் சொல்றன், செய்யட்டும்."

அந்திரட்டிக்குப் போனேன். என் இலையில் இரண்டாம் தடவை சோறு போட்டவர் அந்தத் தாய்தான். மறுநாள் அவள் பெயரை நீக்கினேன்.

யுத்தம் முடிந்த வருடம் அலுவலகத்தை மூடினார்கள். சேர்வரைத் துடைத்துத் தரும்படி சொன்னார்கள். எந்தத் தாள், எந்தக் கணினியிலிருந்து, எப்போது வந்தது என்ற பதிவு அதற்குள் இருந்தது. திறந்தேன். வருடம், மாதம் என்று இறங்கி, போயாவுக்கு முந்திய நாள் வரை வந்துவிட்டேன். ஐந்து மேசைகளும் எனக்குப் பின்னால் இருந்தன. நான் திரும்பவில்லை. அடுத்த வரிக்கும் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

யாராவது கேட்டால், அந்தப் போயாவன்று வந்தது நான்தான்.