கோழி எரு மூட்டைகளோடு பூட்டப்பட்ட அரை மணி நேரம்

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கத்தரித் தோட்டம் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில், பண்ணையிலிருந்து வாங்கி வந்த பச்சைக் கோழி எரு மூட்டைகளை மோட்டார் கொட்டகைக்குள் அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு மூட்டையை எடுக்க உள்ளே போனதும், காற்றில் தகரக் கதவு அறைந்து சாத்திக்கொள்ள, வெளிப்பக்கக் கொண்டி விழுந்துவிட்டது.

கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. ஈர மூட்டைகளிலிருந்து கிளம்பிய அமோனியா நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை, தொண்டை எரிந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. தரையில் படுத்து, கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து மூச்சு வாங்கினேன். என் பிள்ளைகளை இனிப் பார்ப்பேனா என்றிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, என்னைத் தேடி வந்த நாத்தனார் ஸ்டெல்லா கதவைத் திறந்தாள்.

"என்னா அண்ணி இது! உங்களையே இந்தப் பாடு படுத்துதே, இதைப் பச்சையா கொட்டுனா செடி வேரும் மண்ணுல இருக்குற நுண்ணுயிரும் என்னா ஆவும்?" என்றாள்.

அன்று அதை அப்படியே செடிகளுக்குப் போடத்தான் எடுக்கப் போயிருந்தேன்.

இப்போது அந்தக் கதவில் கொண்டியே இல்லை. எருவை வெளியே நிழலில் வைக்கோலோடு கலந்து குவித்து, அவ்வப்போது கிளறிவிடுகிறேன். சூடும் நெடியும் அடங்கி, நன்றாக மட்கிய பிறகே வயலுக்குப் போகிறது. கத்தரிச் செடியின் அடியில் மண்ணைக் கிளறினால் மண்புழுக்கள் நெளிகின்றன.