இரண்டாவது பிரேக்

பத்தொன்பது வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவர் மாஸ்டர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில். காலை ஆறு மணிக்கு முதல் ஆள், மாலை ஏழு மணிக்குக் கடைசி ஆள். நடுவில் ஒன்பது பேராவது வந்து போவார்கள். அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அவருடைய காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவரின் பிரேக்கோடு அதை ஒரு கம்பி இணைக்கிறது. ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே இறங்கும். அந்த இரண்டாவது பிரேக்கினால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தக் கால் வேலை நேரம் முடிந்தாலும் ஓய்வதில்லை. பஸ்ஸில் போனால் முன்சீட்டின் கம்பியை மிதிக்கும். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரியும் தெருவைப் பார்த்து மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் முக்காலி நகரும். அவர் மனைவி முக்காலியை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மூச்சக்கா என்று பெயர். பதினாறு வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கிறவர். ஜன்னல் இல்லாத அறை. ஆணியில் தொங்கும் கனத்த ஈய அங்கி. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

மலை மேல் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம் வந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய்ப் பொறுப்பாக இருந்து நடத்த முடியுமா என்று மூச்சக்காவைக் கேட்டார்கள். பதில் திங்கட்கிழமை காலைக்குள் எழுத்தில் வேண்டும். இங்கே அவருக்கு மேலே மூன்று பேர் இருக்கிறார்கள், அங்கே யாரும் இல்லை. மலைக்குப் போகும் பஸ் பதினொரு மணிக்குத்தான் மேலே சேரும். நோயாளிகள் எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி ஒரு சின்னக் கார் தரும், ஓட்ட ஆள் தராது. இருபத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகளை அவரே தனியாக ஓட்டிக் கடக்க வேண்டும்.

உரிமம் அவரிடம் இருந்தது. ஆனால் மாஸ்டர் சொல்லிக்கொடுத்து வாங்கியதல்ல. மாஸ்டர் இரண்டு தடவை முயன்றார். முதல் பாடம் தெருமுனை வரைக்கும் போகவில்லை, இரண்டாவது வாசலைத் தாண்டவில்லை. மூச்சக்கா சத்தமில்லாமல் பின்தெருவில் இருக்கும் போட்டிக்காரரிடம் போய்க் கற்றுக்கொண்டார். உரிமம் தபாலில் வந்த அன்று விஷயம் வெளியே வந்தது. மாஸ்டர் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் தாங்க முடியாமல், "அவன் ரிவர்ஸ எப்படிச் சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டார். அது நான்கு வருடங்களுக்கு முன்பு. அதற்குப் பிறகு மூச்சக்கா ஓட்டியதெல்லாம் ஊருக்குள்தான்.

வியாழக்கிழமை துணி மடித்துக்கொண்டே மூச்சக்கா சொன்னார். "சனிக்கிழமை மேல போயிட்டு வரலாம். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. போக வர ஒரு தடவகூட நீங்க பிரேக் மிதிக்கலன்னா, சரின்னு எழுதிக் குடுப்பேன். மிதிச்சீங்கன்னா, முடியாதுன்னு எழுதிக் குடுப்பேன்."

"இது என்ன பந்தயம்? போகணும்னா போ, வேணாம்னா விடு."

"எனக்கே தெரியல. அதான் உங்க கால்கிட்ட கேக்கறேன். உங்க வாய் ஆயிரம் சொல்லும். கால் பொய் சொல்லாது. நான் தப்பா ஓட்டினா அது மிதிச்சுடும்."

மாஸ்டருக்கு இதில் பெருமையும் வந்தது, பயமும் வந்தது. அவள் போக வேண்டும் என்றுதான் நினைத்தார். அந்தச் சாலையில் அவள் தனியாகப் போவதை நினைத்தால் மட்டும் அன்றைய சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாஸ்டரின் காரில் கிளம்பினார்கள். எல் போர்டைக் கழற்றச் சொன்னார் மூச்சக்கா. "பாஸானவ நான்" என்றார். ரொட்டியும் அவித்த முட்டையும் பின்சீட்டில் இருந்தன.

அடிவாரம் வரை பேச்சு நன்றாகவே இருந்தது. மூன்றாவது வளைவில் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் மர உச்சிகள். ஏழாவது வளைவில் மர உச்சிகளும் கீழே போய்விட்டன. பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் விரிந்து, கீழே அணைக்கட்டின் தண்ணீர் உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. எதிரே வந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் பார்த்தது சுவரை மட்டும்தான். அதில் எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று பார்த்தார்.

"என்னங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றார் மூச்சக்கா.

"கியர் லேட்டா மாத்தற. வளைவுக்கு முன்னாடியே ரெண்டுக்கு வந்துடணும்."

"வந்துட்டேனே."

"இன்னும் முன்னாடி."

பின்னால் வந்த வண்டி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு முந்தியது. பதினைந்தாவது வளைவில் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மாஸ்டர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"மூச்சு விடுங்க" என்றார் மூச்சக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பதினோராவது வளைவுல இழுத்தது. இன்னும் விடல."

உச்சியில் பனி விலகியது. ஆஸ்பத்திரி நாலு அறைக் கட்டடம். சுண்ணாம்பு வாசனை போகவில்லை. இயந்திரம் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நின்றது. மூச்சக்கா அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். சுவிட்ச் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், நடக்க முடியாதவர்களை எந்த வழியாகக் கொண்டுவருவது என்று காவலாளியிடம் கேட்டார். பக்கத்தில் அவர் உட்கார்ந்து எழுத ஒரு சின்ன அறை இருந்தது. அதற்கு ஜன்னல் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மாஸ்டர் காருக்குப் பக்கத்தில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். லேசாக ஏதோ கருகிய வாசனை. பக்கத்துக் கடையில் கேன் இறக்கிக்கொண்டிருந்த பால் வேன்தான் காரணம் என்று முடிவு செய்தார். ஏறும்போது ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டிய திருப்தியில் இரண்டு முட்டை சாப்பிட்டார்.

"இறங்கறதுதான் பரீட்சை" என்றார் மூச்சக்கா.

இறங்கும்போது அவர் ஓட்டியது நன்றாகவே இருந்தது. வளைவுக்கு முன்னால் வேகம் குறைந்தது, ஹாரன் ஒலித்தது, எதிரே வருகிறவனுக்கு வழி கிடைத்தது. மாஸ்டர் ஒவ்வொரு வளைவையும் மனதுக்குள் எண்ணினார். பன்னிரண்டு. பதின்மூன்று. போட்டிக்காரன் மோசமில்லை என்று முதல் முறையாகத் தோன்றியது. அந்தக் கருகல் வாசனை மட்டும் மறுபடியும் வந்தது. பால் வேன் பின்னால் வருகிறது, அதுதான்.

பத்தொன்பதாவது வளைவைத் திரும்பியதும் மூச்சக்கா, "என்னங்க, பிரேக் உள்ள போகுது" என்றார்.

"என்ன?"

"மிதிச்சா பிடிக்கல. உள்ள போய்க்கிட்டே இருக்கு."

இறக்கம் நேராக நீண்டு, முடிவில் அடுத்த வளைவு தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் வானம். பத்தொன்பது வருடங்களில் மாஸ்டர் எத்தனையோ பேருக்கு இதற்குப் பாடம் எடுத்திருக்கிறார். அதில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. கால்தான் போனது. முழு பலத்தோடு மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. கார் அதன் பாட்டுக்கு ஓடியது.

"காலை எடுங்க."

அவர் இன்னும் அழுத்தினார்.

"காலை எடுங்கன்னா. நீங்க அமுக்கிப் பிடிச்சா என்னோடதும் மேல வராது. விட்டு விட்டு மிதிக்கணும். எடுங்க."

நோயாளியிடம் அசையாதே என்று சொல்லும் அதே குரல். கால் தானாகப் பின்வாங்கியது. மூச்சக்கா மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினார். இன்ஜின் அலறியது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார், ஏதோ கொஞ்சம் பிடித்தது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஒன்றுக்கு மாற்றியபோது கார் முன்னால் குனிந்து குலுங்கியது. வளைவுக்குச் சற்று முன்னால், பாறைப் பக்கமாக, சாலை போடுவதற்காகக் கொட்டிய ஜல்லிக் குவியல் இருந்தது. முன்சக்கரம் இரண்டையும் அதில் ஏற்றினார். ஜல்லி நொறுங்கும் சத்தத்தோடு கார் நின்றது.

முன்னாலிருந்து புகை மெல்ல எழுந்தது. இருவரும் இறங்கிப் பாறை ஓரமாக நின்றார்கள். மூச்சக்கா மாஸ்டரின் காலைப் பார்த்தார்.

"மிதிச்சுட்டீங்க" என்றார்.

"அது... பிரேக் பிடிக்கலன்னு நீதான சொன்ன."

"மிதிச்சுட்டீங்க. பேச்சுன்னா பேச்சு. முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன். இறங்கும்போது ரொம்ப மிதிச்சிருக்கேன் போல. அதான் சூடாகி இப்படி ஆயிடுச்சு. தனியா வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

மாஸ்டர் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி லேசானது. இனி அவள் இந்தச் சாலையில் வர மாட்டாள். அந்த நிம்மதியை நினைத்து உடனே அவருக்கே கூச்சமாகவும் இருந்தது. சும்மா இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும்.

பால் வேன் வந்து ஓரமாக நின்றது. ஓட்டுநர் தலையில் துண்டு கட்டிய நடுத்தர வயதுக்காரர்.

"தண்ணிய கிண்ணிய ஊத்திடாதீங்க, வெடிச்சிடும். தானா ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். "நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டே வரேன். உங்க பின் லைட்டு செவப்பா எரியுது, அணையவே இல்ல. பல்பு கோளாறா, இல்ல யாராவது பிரேக் மேலயே குடித்தனம் பண்றாங்களான்னு யோசிச்சேன்."

"நான் வளைவுக்குத்தாங்க மிதிச்சேன்" என்றார் மூச்சக்கா.

"நேர் ரோட்டுலயும் எரிஞ்சுதும்மா."

மூச்சக்கா திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "நீங்க போய் உங்க சீட்ல உக்காருங்க" என்றார்.

"எதுக்கு?"

"உக்காருங்க. நான் ஓட்டும்போது எப்படி உக்காந்திருந்தீங்களோ அப்படியே."

மாஸ்டர் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்து, கதவுப் பிடியைப் பிடித்து, காலை வைத்தார்.

"எரியுது" என்றார் பால்காரர் பின்னாலிருந்து.

"நான் மிதிக்கவே இல்லயே."

"கால எடுங்க சார்... அணைஞ்சிடுச்சு. வைங்க... எரியுது."

"சும்மா வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் எரியுது சார்."

மாஸ்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பெடலின் மேல் ஒரு பூனை படுத்திருப்பது மாதிரி அது படுத்திருந்தது. தெருவுக்குள் ஓட்டும் வேகத்தில், நூறு மீட்டருக்கு ஒரு தடவை நின்று புறப்படும் பாடத்தில், இந்தக் கனம் யாருக்கும் தெரிந்ததில்லை. இருபத்தெட்டு வளைவு ஏறி, பத்தொன்பது வளைவு இறங்கியபோது தெரிந்துவிட்டது. வண்டி இழுக்காததும் அதனால்தான். வாசனையும் அதனால்தான்.

"என்ன தொழில் சார் பண்றீங்க?" என்று கேட்டார் பால்காரர்.

மாஸ்டர் எல் போர்டைக் கழற்ற வைத்த மனைவிக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். "சொந்தத் தொழில்" என்றார்.

பால்காரர் வேன் பக்கம் போனதும் மூச்சக்கா ஜன்னலருகே வந்து நின்றார். "சொல்லுங்க மாஸ்டர்" என்றார். வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். ஆனால் இப்போது முகத்தில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. "எந்த வளைவுலேர்ந்து பயம்?"

"வாசல்லேர்ந்து."

"நான் தப்பா ஓட்டினேனா?"

இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்சம் கியர் லேட், கொஞ்சம் வேகம் என்று ஏதாவது சொல்லலாம். பத்தொன்பது வருட அனுபவம் சொன்னால் யாரானாலும் நம்புவார்கள். இவளும் நம்புவாள்.

"இல்ல" என்றார். "ஒரு இடத்துலயும் இல்ல. நல்லா ஓட்டற. நான் இருந்ததுதான் தப்பு. வண்டிய நிறுத்தினதும் நீதான். எனக்குப் பேச்சே வரல."

மூச்சக்கா ஜன்னலை விட்டு நகர்ந்தார். பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி நின்றார். கண்ணைத் துடைத்தாரா, வெயிலுக்குக் கையை வைத்தாரா, மாஸ்டருக்குத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். புகை அடங்கியது. பெடல் மறுபடியும் கெட்டியானது. பால்காரர் மூச்சக்காவிடம் காரை இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லிவிட்டு, "நான் முன்னால போறேன், ஒண்ணாம் கியர்லயே மெதுவா வாங்கம்மா. கீழ போனதும் மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க" என்றார்.

மாஸ்டர் பக்கத்து இருக்கைக் கதவைத் திறக்கப் போனார். மூச்சக்கா பின்கதவைத் திறந்து பிடித்தார்.

பின்சீட்டிலிருந்து சாலை வேறு மாதிரி இருந்தது. முன்னால் ஒரு தலை, ஒரு கழுத்து, கண்ணாடியில் இரண்டு கண். மிதிப்பதற்கு எதுவும் இல்லை. இருபதாவது வளைவில் முன்சீட்டின் முதுகை மிதித்தார், "இடிக்குது" என்றார் மூச்சக்கா. அதற்குப் பிறகு இரண்டு காலையும் சீட்டின் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். இருபத்து மூன்றில் லாரி ஒன்று எதிரே வந்தது. கணுக்கால்களைக் கையால் பிடித்துக்கொண்டார். கார் நின்று வழிவிட்டு மறுபடியும் புறப்பட்டது. இருபத்தாறு. இருபத்தேழு. முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. அந்தக் கழுத்து மட்டும் அசையவே இல்லை.

அடிவாரத்தில் பால்காரர் கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பினார். மூச்சக்கா காரை ஓரமாக நிறுத்தினார்.

"திங்கக்கிழமை சரின்னு எழுதிக் குடுக்கறேன்" என்றார்.

"ம்."

"என்ன ம்?"

"அவங்க குடுக்கற காருல பக்கத்து சீட்ல யாரு உக்காருவா?"

"என் பை" என்றார் மூச்சக்கா. "அதுக்குக் கால் கிடையாது."